குயில்ட் கில்டில் சேர: முதல் கூட்டத்திலிருந்து முதல் கண்காட்சி வரை

குயில்ட் என்பது துண்டுத் துணிகளைச் சேர்த்து, நடுவில் பஞ்சு விரிப்பு வைத்துத் தைக்கும் போர்வை. அமெரிக்காவில் பல ஊர்களில் குயில்ட் தைப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. கில்டு என்பார்கள். பணம் கட்டிச் சேர ஐந்து நிமிடம் போதும். ஆனால் எந்தக் கில்டு, எந்த மாதம், எந்தப் பட்டியலில் பெயர் எழுதலாம், எதில் எழுதக் கூடாது என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தர மாட்டார்கள். இருபது வருடமாக அங்கே இருப்பவர்களுக்கு இதெல்லாம் சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் இந்தக் கட்டுரை.

மெஷினில் நேராகத் தைக்கத் தெரிந்தால் போதும். ஒரு குயில்ட் கூட முடிக்காதவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். கீழே வரும் டாலர் கணக்கு பொதுவான நிலவரம். உங்கள் ஊரில் கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

1. எந்தக் கில்டு?

தேட நல்ல இடம் குயில்ட் துணிக்கடையின் கல்லாப்பெட்டி. சுற்றுவட்டாரத்தில் எத்தனை கில்டு, எது எப்போது கூடுகிறது என்று அங்கே வேலை செய்பவருக்குத் தெரிந்திருக்கும். பொது நூலக அறிவிப்புப் பலகையையும் பாருங்கள். மாடர்ன் குயில்ட் கில்டு என்ற அமைப்புக்குப் பல ஊர்களில் கிளைகள் உள்ளன. அதன் இணையதளத்தில் கிளைப் பட்டியல் இருக்கிறது.

முதலில் நேரத்தைப் பாருங்கள். வார நாளில் காலை ஒன்பதரை, பத்து மணிக்குக் கூடும் கில்டுகளில் ஓய்வு பெற்றவர்கள் அதிகம். வேலைக்குப் போகிறவர்கள் மாலைக் கில்டையோ சனிக்கிழமைக் கில்டையோ தேட வேண்டும். மாலைக் கூட்டம் முடிய இரவு ஒன்பது ஆகிவிடும். பனிக்காலத்தில் அந்த நேரத்தில் நாற்பது நிமிடம் கார் ஓட்டுவீர்களா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பாணி. பழைய பாணிக் கில்டில் நட்சத்திரம், லாக் கேபின் போன்ற மரபுக் கட்டங்களும் (துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் சதுரங்கள், பிளாக் என்பார்கள்) சின்னப் பூத் துணிகளும் கண்ணில் படும். மாடர்ன் கில்டில் ஒற்றை நிறத் துணி, அகலமான வெற்றிடம், அளவுகோல் இல்லாமல் வெட்டிச் சேர்ப்பது. இரண்டிலும் தையல் ஒன்றுதான். பிடித்தது எதுவோ அங்கே போங்கள், இல்லையென்றால் மூன்றாம் மாதமே சலிப்பு தட்டும்.

பல கில்டுகள் சர்ச் ஹாலில் கூடும். மதக் கூட்டமோ என்று தயங்க வேண்டாம். வாடகை குறைவு, கார் நிறுத்த இடம் அதிகம், அவ்வளவுதான்.

2. சேரும் முன் விருந்தினராக ஒரு தடவை

விருந்தினர் கட்டணம் 5 முதல் 10 டாலர். முதல் தடவை இலவசம் என்று வைத்திருக்கும் கில்டுகளும் உண்டு. தையல் மெஷின் எடுத்துப் போகாதீர்கள், மாதக் கூட்டத்தில் யாரும் தைப்பதில்லை. ஒற்றை டாலர், ஐந்து டாலர் நோட்டுகளாகக் கொஞ்சம் பணம், ஒரு நோட்டுப் புத்தகம், காபிக்கு உங்கள் சொந்தக் கோப்பை போதும்.

சங்க விவகாரம் அரை மணி நேரம் ஓடும். பிறகு பேச்சாளர் ஒரு பெட்டி நிறையக் குயில்ட் கொண்டுவந்து ஒவ்வொன்றாக விரித்துக் காட்டிப் பேசுவார். நடுவில் தின்பண்டம். கடைசியில் ஷோ அண்ட் டெல், அதாவது உறுப்பினர்கள் தாங்கள் முடித்ததைக் காட்டும் நேரம். கிளம்ப அவசரமாக இருந்தாலும் இதற்கு முன் எழுந்துவிடாதீர்கள். கில்டின் தரமும் குணமும் அங்கேதான் தெரியும். கட்டம் கொஞ்சம் கோணலாக வந்த குயில்ட்டுக்கும் கைதட்டு விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் நல்ல கில்டு.

விரித்த குயில்ட்டைக் கேட்காமல் தொடாதீர்கள். கையில் இருக்கும் லேசான எண்ணெயும் வெள்ளைத் துணியில் படும். படம் எடுப்பதற்கும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கிளம்பும் முன் உறுப்பினர் பொறுப்பாளரிடம் நாலு கேள்வி கேளுங்கள். உங்கள் சங்க வருடம் எந்த மாதம் தொடங்குகிறது? பாதி வருடச் சந்தா உண்டா? உறுப்பினர் கட்டாயமாகச் செய்ய வேண்டிய வேலை என்ன? புதியவர்களை எடுக்கும் 'பீ' (bee) இப்போது இருக்கிறதா? பீ என்பது ஆறிலிருந்து பத்துப் பேர் வரை ஒருவர் வீட்டிலோ நூலகத்திலோ கூடித் தைக்கும் சின்னக் குழு. தைக்கக் கற்றுக்கொள்வதும் சிநேகம் பிடிப்பதும் அங்கேதான். பெரிய கூட்டத்தில் எண்பது பேர் நடுவே முகம் தெரியாமலே வருடம் ஓடிவிடும்.

3. படிவம், பணம், சில எச்சரிக்கைகள்

படிவத்தில் பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், பிறந்த மாதமும் தேதியும், அவசரத்துக்குக் கூப்பிட ஒருவர் பெயர் இருக்கும். பிறந்த மாதம் எதற்கு என்றால், எந்த மாதம் நீங்கள் தின்பண்டம் கொண்டுவர வேண்டும் என்று பிரிக்க. பாஸ்போர்ட், விசா, சோஷியல் செக்யூரிட்டி எண் எதுவும் தேவையில்லை. உறுப்பினர் பட்டியலில் முகவரி வெளியாக வேண்டாம் என்றால் அதைப் படிவத்திலேயே எழுதிக் கொடுங்கள்.

ஆண்டுச் சந்தா பெரும்பாலும் 30 முதல் 60 டாலர். இன்னும் பல கில்டுகளில் காசோலைதான் வாங்குவார்கள். கில்டின் முழுப்பெயரைப் படிவத்தில் உள்ளபடி எழுதுங்கள். சுருக்கப் பெயரில் எழுதினால் வங்கி திருப்பிவிடலாம்.

புதியவர்கள் அதிகம் விழும் குழி சங்க வருடம். செப்டம்பரில் வருடம் தொடங்கும் கில்டில் மே மாதம் முழுச் சந்தா கட்டினால், இரண்டே கூட்டத்தில் பணம் தீர்ந்துவிடும், ஏனென்றால் ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் பல கில்டுகளில் கூட்டமே கிடையாது. அப்படியானால் மே, ஜூன் இரண்டுக்கும் விருந்தினராகப் போய்விட்டுச் செப்டம்பரில் சேருங்கள்.

சந்தாவுக்கு மேல் வரும் செலவுகளையும் கணக்கில் வையுங்கள். கில்டு சேர்ந்து தைத்த ஒரு குயில்ட்டைக் குலுக்கலில் விடுவார்கள். அந்தச் சீட்டு ஒரு கட்டு உங்கள் கையில் வரும். விற்கலாம், விற்காவிட்டால் நீங்களே வாங்க வேண்டும். சுமார் 20 டாலர். பெயர் அட்டை மறந்து வந்தால் கால் டாலர் அபராதம் போடும் கில்டுகள் உண்டு. சந்தா 40, சீட்டு 20, ஒரு பயிலரங்கம் 65, தின்பண்டம் 30 என்று வைத்தால், துணி நூல் சேர்க்காமல் முதல் ஆண்டுக்கு 155 டாலர்.

பல கில்டுகள் 501(சி)(3) வகை லாப நோக்கமற்ற அமைப்புகள். கழிவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டுக் (itemize) காட்டி வரி கட்டுகிறவர்கள், தர்மக் குயில்ட்டுக்கு, அதாவது தானமாகக் கொடுக்கத் தைக்கும் குயில்ட்டுக்கு, தங்கள் காசில் வாங்கிய துணிக்கும், அந்த வேலைக்காகக் கார் ஓட்டிய தூரத்துக்கு மைலுக்கு 14 சென்ட் வீதமும் கழிவு கேட்கலாம். ரசீதுகளை எறியாதீர்கள். குலுக்கல் சீட்டுக்குக் கழிவு கிடையாது. தைத்த நேரத்துக்கும் கிடையாது.

வேலை அனுமதி இல்லாமல் எச்-4 என்னும் சார்பு விசாவில் இருப்பவர்களுக்கு: உறுப்பினராக இருந்து சம்பளமில்லாமல் தைப்பது வேறு, கில்டுச் சந்தையில் பை தைத்து விற்றுக் காசு வாங்குவதும் வகுப்பெடுத்துச் சம்பளம் வாங்குவதும் வேறு. பின்னது வேலைக் கணக்கில் வரும். அதில் இறங்கும் முன் குடிவரவு வழக்கறிஞரிடம் கேளுங்கள். "பத்து டாலர்தானே" என்று யார் சொன்னாலும் சரி.

4. சாமான்

45 மில்லிமீட்டர் ரோட்டரி கட்டர், 18க்கு 24 இன்ச் வெட்டுப் பாய், 6க்கு 24 இன்ச் கண்ணாடி போல் தெரியும் பிளாஸ்டிக் அளவுகோல், மெஷினுக்குக் கால் இன்ச் பாதம், 50 எடை பருத்தி நூல், 80/12 ஊசி, தையல் பிரிக்கும் கருவி. முதல் ஆண்டுக்கு இது போதும். புது கட்டர் பிளேடு ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். மழுங்கின பிளேடை அழுத்தி வெட்டும்போதுதான் அளவுகோல் வழுக்கி விரல் போகிறது.

இந்தியாவிலிருந்து வந்த மெஷினைச் சுவரில் சொருகிவிடாதீர்கள். அது 230 வோல்ட், இங்கே 120. மோட்டார் திணறும், ஊசி துணியில் ஏறாது. மின்னழுத்தம் ஏற்றும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிப் பயிலரங்கத்துக்குச் சுமப்பதைவிட, உறுப்பினர் யாராவது விற்கும் பழைய மெஷின் ஒன்றை 100, 150 டாலருக்கு வாங்குவது மேல்.

2025இல் ஜோஆன் துணிக்கடைகள் எல்லாம் மூடிய பிறகு, குறைந்த விலைத் துணிக்குப் பக்கத்துக் கடை என்று ஒன்று பல ஊர்களில் இல்லை. குயில்ட் கடையில் கஜம் 12, 14 டாலர். கில்டின் மிச்சத் துணி விற்பனையில் அதே தரத் துணி மூன்று, நாலு டாலருக்கு வரும். அந்தத் தேதியைக் கேட்டு நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

5. கால் இன்ச் தையல்

கில்டில் உங்கள் பெயர் நல்லபடியாகப் பேசப்படுமா என்பதை இந்தக் கால் இன்ச்தான் தீர்மானிக்கும். மாதாமாதம் 'பிளாக் குலுக்கல்' என்று ஒன்று நடக்கும். அவர்கள் சொன்ன கட்டத்தை ஆளுக்கு ஒன்று தைத்துக் கொடுப்பீர்கள், ஜெயித்தவர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே குயில்ட்டாகத் தைப்பார். உங்கள் கட்டம் மட்டும் அளவு குறைந்தால் அவர்தான் அதைப் பிரித்துத் தைக்க வேண்டும். முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் மறக்கவும் மாட்டார்.

முதலில் சொல்லைப் புரிந்துகொள்ளுங்கள். '12 இன்ச் பிளாக்' என்றால் குயில்ட்டுக்குள் தைத்து முடித்த பிறகு 12. நீங்கள் கொடுக்க வேண்டியது 12½. நம் தையல்காரர்கள் பிளவுஸுக்கு உள்ளே விடும் தாராளமான துணி இங்கே கிடையாது. தைத்த கோட்டுக்கு வெளியே சுற்றிலும் கால் இன்ச், அதற்கு மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம்.

சோதனை: 1½ இன்ச் அகலம், 3½ இன்ச் நீளத்தில் மூன்று பட்டை வெட்டுங்கள். நீளவாட்டில் ஒன்றோடொன்று தைத்துத் தையலை ஒரு பக்கமாக மடக்கித் தேயுங்கள். சதுரம் சரியாக 3½ வர வேண்டும், நடுப் பட்டை சரியாக 1 இன்ச். பெரும்பாலும் குறைவாகத்தான் வரும். துணி மடங்கும் இடத்தில் ஒரு நூல் கனம் போய்விடுகிறது, அதனால் கால் இன்ச்சுக்கு ஒரு நூல் குறைவாக, விளிம்புப் பக்கம் தள்ளித் தைக்க வேண்டும். ஊசியின் இடத்தை ஒரு படி வலப்பக்கம் நகர்த்திப் பாருங்கள். நகராத மெஷினாக இருந்தால் சரியான இடத்தில் தட்டின் மேல் கனமான டேப் ஒட்டி, துணி விளிம்பை அதில் உரசவிட்டுத் தையுங்கள். மூன்று பட்டையும் சரியாக வரும்வரை குலுக்கலுக்குத் துணி வெட்டாதீர்கள். தையல் 1/16 இன்ச் கூடினாலே இரண்டு துண்டிலுமாக 1/8 இன்ச் போகும். குறுக்கே நாலு தையல் உள்ள கட்டத்தில் அரை இன்ச் காணாமல் போய், 12½ வர வேண்டியது 12 ஆகிவிடும். இழுத்துத் தேய்த்து நீட்டப் பார்க்காதீர்கள். கிராஸாக வெட்டிய விளிம்பு அலை அலையாகிவிடும். இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுக்க வேண்டும், முன்னும் பின்னும் இழுக்கக் கூடாது.

குலுக்கல் கட்டத்துக்குக் குயில்டிங் காட்டன் மட்டும். பாலியெஸ்டர் கலப்பு, பட்டு, புடவைத் துணி வேண்டாம். துணியின் கரையை வெட்டி நீக்கிவிடுங்கள், அது இறுக்கமான நெசவு, துவைத்தால் சுருங்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த கைத்தறியையும் மெட்ராஸ் கட்டத் துணியையும் உங்கள் சொந்தக் குயில்ட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் மெட்ராஸ் துணி அமெரிக்காவில் சாயம் போவதற்காகவே விரும்பி வாங்கப்பட்டது. வெள்ளைக் கட்டத்துக்குப் பக்கத்தில் தைத்தால் அந்தப் பெருமை உதவாது. சூடான சோப்புத் தண்ணீரில் வெள்ளைத் துணித் துண்டோடு அரை மணி ஊற வைத்துப் பாருங்கள். தண்ணீர் நிறம் மாறினால் மறுபடி அலசுங்கள், நிற்கவே இல்லை என்றால் அந்தத் துணி குயில்ட்டுக்கு ஆகாது.

இன்னொன்று, பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்த துணியையும் சமையல் நடக்கும் அறையில் தைத்த கட்டத்தையும் அப்படியே கொடுக்காதீர்கள். நமக்குத் தெரியாத வாசனை அவர்கள் மூக்குக்கு உடனே தெரியும். இரண்டு நாள் காற்றாட விட்டால் போதும்.

6. பயிலரங்கம்

ஒரு நாள் வகுப்புக்கு 50 முதல் 80 டாலர். ஆசிரியர் தரும் துணிப்பொதிக்குத் தனிக் காசு, அதை அன்றைக்குக் கையில் கொடுக்க வேண்டியிருக்கும். நீங்கள் வராவிட்டால் பணம் திரும்பாது, உங்கள் இடத்துக்கு வேறு ஆள் கிடைத்தால்தான் திருப்புவார்கள். சாமான் பட்டியல் இரண்டு, மூன்று வாரம் முன்பே வரும். அதில் 'வீட்டில் வெட்டிக்கொண்டு வர வேண்டியது' என்று ஒரு பகுதி இருந்தால் அதை விடாமல் செய்துவிடுங்கள். வகுப்பில் உட்கார்ந்து வெட்டுகிறவர்கள் மதியம் வரை வெட்டிக்கொண்டே இருப்பார்கள். மெஷினின் மின்கம்பி, கால் மிதி இரண்டையும் கிளம்பும் முன் பைக்குள் தொட்டுப் பாருங்கள். அதிகம் மறந்து வருவது இந்த இரண்டும்தான்.

7. எந்தப் பட்டியலில் பெயர் எழுதலாம்?

நாற்காலி போடுவது, தின்பண்ட மேசை, வாசலில் பெயர் அட்டை கொடுப்பது ஆகியவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் அட்டை கொடுத்தால் மூன்று மாதத்தில் எண்பது பேருக்கும் உங்கள் பெயர் தெரிந்துவிடும். பொருளாளர், செய்திமடல் ஆசிரியர், கண்காட்சிச் செயலர் ஆகிய மூன்றையும் முதல் வருடம் ஏற்காதீர்கள். "கணினி தெரியுமா?" என்று அன்பாகத்தான் கேட்பார்கள். "அடுத்த வருடம்" என்று சொல்லுங்கள்.

இந்தியர் என்று தெரிந்ததும் கவாண்டி பற்றிப் பேசக் கேட்பார்கள். அது கர்நாடகத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்களின் ஒட்டுத்துணிப் போர்வை, அமெரிக்கக் குயில்ட் வட்டாரத்தில் பிரபலம். நம்முடையது இல்லை என்று சொல்லத் தயங்காதீர்கள்.

தர்மக் குயில்ட் தைப்பதில் பங்கெடுங்கள். துணிப்பொதியைக் கில்டே தரும். முழுக் குயில்ட் தைப்பதாக இருந்தால் யாருக்கு என்று கேட்டு அளவை முடிவு செய்யுங்கள். படைவீரர்களுக்குக் குயில்ட் வழங்கும் குயில்ட்ஸ் ஆஃப் வேலர் அமைப்பு குறைந்தது 55க்கு 65 இன்ச், அதிகபட்சம் 72க்கு 90 என்று வைத்திருக்கிறது. 60க்கு 80 என்பது அவர்கள் விரும்பும் அளவு. அந்த அளவுக்குக் கணக்கு இப்படி வரும்: குயில்டிங் செய்யும் பெரிய லாங்ஆர்ம் மெஷினுக்கு அடித்துணி நாலு பக்கமும் 4 இன்ச் கூட வேண்டும், ஆகவே 68க்கு 88. துணி அகலம் 42 இன்ச் என்பதால் 88 இன்ச் நீளத்தில் இரண்டு, மொத்தம் 5 கஜம். ஓரப் பட்டைக்குச் சுற்றளவு 280 இன்ச். 2½ இன்ச் அகலத்தில் எட்டுப் பட்டை, அதற்கு எட்டில் ஐந்து பங்கு கஜம். லாங்ஆர்ம் வைத்திருப்பவரிடம் கொடுத்தால் சதுர இன்ச்சுக்கு 2 சென்ட் என்றாலும் 96 டாலர், நடுவில் வைக்கும் பேட்டிங் தனி. தர்மக் குயில்ட்டுக்குச் சில உறுப்பினர்கள் இலவசமாகவே செய்து தருவார்கள். கேளுங்கள், ஆனால் மூன்று மாதம் முன்பே கேளுங்கள்.

8. கண்காட்சிக்குக் கொடுப்பது

பல கில்டுகள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கண்காட்சி வைக்கும். விண்ணப்பம் இரண்டு, மூன்று மாதம் முன்பே முடிந்துவிடும். அளவு, ஒரு படம், வடிவமைப்பு யாருடையது, குயில்டிங் செய்தது யார் என்று கேட்பார்கள். வகுப்பில் கற்ற வடிவமாக இருந்தால் ஆசிரியர் பெயரையும் எழுத வேண்டும். இன்னொருவர் லாங்ஆர்மில் தைத்ததைச் சொல்லாமல் விடுவது இந்த வட்டாரத்தில் பெரிய குற்றம்.

பின்பக்கம் தொங்கவிடும் குழல் 4 இன்ச் வேண்டும். 9 இன்ச் அகலப் பட்டை வெட்டி, குயில்ட் அகலத்தைவிட 2 இன்ச் குறைவான நீளத்தில் குழலாகத் தைத்து, மேல் ஓரத்தில் கையால் தையுங்கள். ஊக்கு குத்திக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். குழலின் வெளிப்பக்கம் லேசாகத் தொய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கம்பி நுழைந்ததும் குயில்ட்டின் முகத்தில் ஒரு வரம்பு புடைத்துத் தெரியும். பெயர் எழுதிய துணிச் சீட்டைப் பின்பக்கம் கீழ் மூலையில் தைத்து, ஒப்படைக்கும்வரை அதன் மேல் ஒரு துணி மூடி வையுங்கள், மதிப்பெண் போடும் நடுவருக்குப் பெயர் தெரியக் கூடாது.

ஒப்படைக்கும் முன் நல்ல வெளிச்சத்தில் விரித்து நூல் முனைகளை வெட்டுங்கள். பூனை, நாய் முடியை ஒட்டும் உருளையால் எடுங்கள். நடுவர் குறிப்பில் இந்த இரண்டும் அடிக்கடி வரும். பிளாஸ்டிக் பையில் போடாமல், பெயர் எழுதிய தலையணை உறையில் போட்டுக் கொடுங்கள்.

குயில்ட் கொடுத்தவர்கள் கண்காட்சியில் நாலு மணி நேரம் வேலை செய்ய வேண்டும் என்று பல இடங்களில் விதி. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, பார்வையாளர்களுக்குக் குயில்ட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். எல்லோருடைய தையலையும் பின்பக்கத்திலிருந்து பார்க்கக் கிடைப்பது அன்றைக்குத்தான்.

ஒப்படைக்கும்போது தரும் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். கடைசி நாள் மாலை அந்தச் சீட்டைக் காட்டினால்தான் குயில்ட் திரும்பும். நீங்கள் வர முடியாவிட்டால் சீட்டின் பின்னால் கையெழுத்துப் போட்டு, வாங்க வருபவரின் பெயரை எழுதிக் கொடுத்தனுப்புங்கள். வீட்டுக்கு வந்ததும் குழலைப் பிரித்துவிடாதீர்கள், அடுத்த கண்காட்சிக்கு அதே குழல்தான்.